மகனுக்கு ஹைஸ்கூல் பார்க்கிறோம் (தென்னாப்பிரிக்கா, டர்பன், கிரேடு 8): எங்கிருந்து தொடங்குவது?

ரிசர்வாயர் ஹில்ஸ் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் மகன் இப்போது கிரேடு 6. திருச்சியிலிருந்து வந்தபோது கிரேடு 2-இல் சேர்ந்தான். அன்றைக்கு வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பிரைமரியில் போய்க் கேட்டோம், இடம் கொடுத்தார்கள், வேலை முடிந்தது. ஹைஸ்கூல் அப்படி இல்லை என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். ஒருவர் இப்போதே விண்ணப்பம் எழுதிப் போடு என்கிறார், இன்னொருவர் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்.

பையன் அமைதியானவன். கணக்கு பிடிக்கும், செஸ் பிடிக்கும், விளையாட்டு என்றால் டேபிள் டென்னிஸ் மட்டும். அவன் அப்பாவுக்குப் பெயர் பெற்ற பாய்ஸ் ஸ்கூல் ஒன்றில் போட வேண்டும் என்று ஆசை. எனக்கு அவன் அங்கே தொலைந்துபோவானோ என்று கவலை. கணவர் கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் விசாவில் (வேலை விசா) இருக்கிறார், நாங்கள் இன்னும் பி.ஆர். (நிரந்தரக் குடியுரிமை அனுமதி) வாங்கவில்லை. எப்போது எழுதிப் போடுவது, எத்தனை பள்ளிக்குப் போடுவது, என்னென்ன பேப்பர் வேண்டும், பள்ளியில் எதைப் பார்ப்பது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாட்ஸ்வர்த் வாத்தியார்:

அம்மா, கிரேடு 6-இலேயே கேட்கிறீர்கள், அதுவே நல்லது. நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன், தமிழ் கோயில் பள்ளியில் படித்தது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பற்றி முதலில். நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் அரசுப் பள்ளிகளுக்கு அந்தந்தப் பள்ளியிடமே நேராகப் போய் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். பையன் கிரேடு 7 படிக்கும் ஆண்டின் முதல் பாதியிலேயே கொடுத்துவிடுவது நல்லது. சில பள்ளிகள் இன்னும் முன்னதாகவே பாரம் கொடுக்கத் தொடங்கிவிடும், அதனால் இந்த வருஷக் கடைசியிலேயே நீங்கள் நினைத்திருக்கும் பள்ளிகளின் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேளுங்கள். தனியார் பள்ளி என்றால் இப்போதே கேட்க வேண்டும், அவர்கள் கிரேடு 5, 6-இலேயே பட்டியல் போடுகிறார்கள்.

ஒரு பள்ளிக்கு மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்று கட்டாயம் பட்டியலில் இருக்க வேண்டும். ஃபீடர் ஸோன் (பள்ளிக்கென்று ஒதுக்கிய சுற்றுவட்டாரம்) உள்ள பள்ளியில் முகவரிதான் முதலில் நிற்கும்.

நுழைவுத் தேர்வு வைப்பார்களோ என்று நினைத்தால், அரசுப் பள்ளி வைக்கக் கூடாது. 1996-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டத்தில் அது தெளிவாக இருக்கிறது. ரிப்போர்ட் கேட்பார்கள், அது வேறு. தனியார் பள்ளி தேர்வும் வைக்கலாம், நேர்காணலும் வைக்கலாம்.

இனி என் மனசில் இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்குப் போனால் மேட்ரிக்கில் (இங்கே கிரேடு 12 கடைசித் தேர்வு) எத்தனை சதவீதம் பாஸ் என்று மட்டும் கேட்காதீர்கள். நூறு சதவீதம் என்று பேனர் கட்டியிருப்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு. மேட்ரிக் வகுப்பில் எத்தனை பேர் மேத்தமேட்டிக்ஸ் எழுதினார்கள், எத்தனை பேர் மேத்ஸ் லிட்டரசி (அன்றாடக் கணக்கு மட்டும் உள்ள எளிய பாடம்) எழுதினார்கள்? அப்புறம், எத்தனை பேருக்குப் பட்டப் படிப்பில் சேரத் தகுதி தரும் பேச்சலர் பாஸ் கிடைத்தது? கிரேடு 10-இல் பையன்களைப் பிரிப்பார்கள். கொஞ்சம் தடுமாறுகிற பையனை ‘நீ லிட்டரசி எடு, மார்க் நிறைய வரும்’ என்று தள்ளிவிட்டால் பள்ளிக்கு நல்ல பெயர், பையனுக்கு இன்ஜினியரிங், மெடிசின், ஆக்சுவேரியல் எல்லாக் கதவும் அன்றைக்கே சாத்தப்பட்டுவிடும். நாடு முழுக்க மேட்ரிக் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் லிட்டரசிதான் எழுதுகிறார்கள். இது என்னை இத்தனை வருஷமாக வருத்துகிற விஷயம்.

ஓப்பன் டே (பெற்றோர் பள்ளியைப் பார்க்க வரும் நாள்) அன்று ஹாலில் வீடியோ போடுவார்கள், பேண்ட் வாசிப்பார்கள். பார்த்து முடித்ததும் கணக்கு வகுப்பறைக்குப் போங்கள். மேசைமேல் காட்சிக்கு வைத்த நோட்டு வேண்டாம். உங்களைச் சுற்றிக் காட்ட ஒரு கிரேடு 8 அல்லது 9 பையனை விடுவார்கள், அவனுடைய சொந்த நோட்டைக் கேளுங்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒரு பெரிய டிக் மட்டும் இருக்கிறதா? இல்லை, தப்பான வரிக்குப் பக்கத்தில் எங்கே சறுக்கினான் என்று வாத்தியார் எழுதி, அதற்குக் கீழே பையன் மறுபடியும் போட்டிருக்கிறானா? அந்த ஒரு நோட்டு பள்ளி எப்படி என்று சொல்லிவிடும். கிரேடு 8 கணக்கை யார் எடுக்கிறார் என்றும் கேளுங்கள். நல்ல வாத்தியாரை எல்லாம் மேட்ரிக்குக்கு வைத்துவிட்டு, எட்டாவதுக்குக் கிடைத்தவரை அனுப்பும் பள்ளிகள் உண்டு.

லெனேசியா 72:

எங்கள் பக்கம் முறையே வேறு, கௌட்டெங் மாகாணத்தில் (ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம்) இருப்பவர்கள் யாராவது இதைப் படித்துக் குழம்பக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். இங்கே கிரேடு 1, கிரேடு 8 இரண்டுக்கும் மாகாணக் கல்வித்துறையின் இணையதளத்தில்தான் போட வேண்டும். 2026 சேர்க்கைக்கு 2025 ஜூலைக் கடைசியில் திறந்து ஆகஸ்டுக் கடைசியில் மூடினார்கள். வரிசை இப்படிப் போகும்: ஃபீடர் ஸோனுக்குள் வீடு, பிறகு அந்தப் பள்ளியில் ஏற்கெனவே படிக்கும் அண்ணன் அக்கா, பிறகு ஸோனுக்குள் பெற்றோர் வேலை செய்யும் இடம், பிறகு 30 கிலோமீட்டருக்குள் வீடு, கடைசியில் அதற்கு அப்பால். போட்டுவிட்டு 7 நாளுக்குள் பேப்பர்களைக் கொடுக்க வேண்டும். பேப்பர் கொடுக்காமல் விண்ணப்பம் மட்டும் போட்டு நிம்மதியாக இருந்துவிட்டு, பிறகு தவித்த குடும்பங்கள் இங்கே நிறைய. வெஸ்டர்ன் கேப் மாகாணத்திலும் (கேப்டவுன் பக்கம்) ஆன்லைன்தான், ஆனால் அங்கே வருஷத் தொடக்கத்திலேயே திறந்து மூடிவிடுகிறார்கள்.

வெஸ்ட்வில் அக்கா:

பேப்பர் விஷயம் நான் சொல்கிறேன். நாங்களும் உங்களைப் போல விசாவில் வந்தவர்கள்தான், எங்கள் பெரியவன் இப்போது கிரேடு 9.

ஒரு ஃபைல் போடுங்கள் தங்கச்சி. பையனின் பர்த் சர்டிஃபிகேட், பாஸ்போர்ட், விசா பக்கம். உங்கள் இரண்டு பேர் பாஸ்போர்ட், விசா. கடைசி ரிப்போர்ட், அதற்கு முந்தின வருஷக் கடைசி ரிப்போர்ட். தடுப்பூசி அட்டை. வீட்டு முகவரிக்கு ஆதாரம்: வாடகை வீடு என்றால் லீஸ், சொந்த வீடு என்றால் லைட்ஸ் பில் (கரண்ட் பில்). லீஸ் கணவர் பெயரில் மட்டும் இருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொன்றிலும் சில காப்பி எடுத்து போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்தால் சீல் குத்தி சர்டிஃபை பண்ணித் தருவார்கள், காசு கிடையாது. ரொம்ப முன்னதாகவே சீல் வாங்கி வைக்காதீர்கள், பழைய சீலை நிறைய இடங்களில் ஏற்க மாட்டார்கள்.

இரண்டு முடிச்சு நம்மவர்களுக்கென்றே வரும். முதலாவது பெயர். ஊரில் இனிஷியல் போட்டே பழக்கம். பர்த் சர்டிஃபிகேட்டில் பையன் பெயர் மட்டும், பழைய ஸ்கூல் டி.சி.யில் இனிஷியலோடு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் இடத்தில். இங்குள்ள கிளார்க்குக்கு அது மூன்று வேறு பிள்ளைகள் மாதிரி தெரியும். எங்கள் பையனுக்கு அப்பா ஒரு சர்நேம், அம்மா ஒரு சர்நேம், பையன் ஒரு சர்நேம் என்று பார்த்துவிட்டு, ‘இவர் சொந்த அப்பாவா’ என்றே ஒரு பள்ளியில் கேட்டார்கள். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதையே எல்லா பாரத்திலும் எழுதுங்கள். இந்த மூன்று பெயரும் ஒரே பிள்ளைதான் என்று ஓர் அஃபிடவிட் எழுதி, அதே போலீஸ் ஸ்டேஷனில் சத்தியப் பிரமாணம் செய்து சீல் வாங்கி முதல் பக்கத்திலேயே வையுங்கள். இப்போதே செய்து வைத்தால் மேட்ரிக் சர்டிஃபிகேட் வரைக்கும் உதவும்.

இரண்டாவது ஸ்டடி விசா. அப்பாவின் விசாவோடு வந்த பிள்ளையாக இருந்தாலும் பள்ளிக்குப் போக ஸ்டடி விசா வேண்டும். அது குறிப்பிட்ட பள்ளியின் பெயரில் இருக்கும். ஆக பிரைமரி பெயரில் இருக்கும் விசா ஹைஸ்கூலுக்குச் சரிவராது. விசாவுக்கு எழுதிப் போடப் பள்ளியின் சேர்க்கைக் கடிதம் வேண்டும், பள்ளியோ விசாவைக் காட்டு என்னும். இதற்கு வழி, விண்ணப்பம் கொடுக்கும்போதே ‘இடம் கிடைத்ததும் விசா மாற்ற உங்கள் கடிதம் தேவை’ என்று அட்மிஷன்ஸ் செக்ரட்டரியிடம் சொல்லிவிடுவதுதான். இந்தியப் பிள்ளைகளைச் சேர்த்துப் பழகிய பள்ளிகளுக்கு இது தெரியும். கடிதம் வந்த வாரமே விசாவுக்குப் போட்டுவிடுங்கள். ஹோம் அஃபேர்ஸ் (உள்துறை) எப்போது கொடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஜனவரி பாதியில் பள்ளி திறந்துவிடும். போட்டதற்கான ரசீதைக் காட்டினால் அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் உட்காரவைக்கும்.

பேப்பர் சரியாக இல்லாத பிள்ளைக்கும் படிப்பை மறுக்கக் கூடாது என்று மக்காண்டா உயர்நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அது அரசுப் பள்ளிகளுக்கு. தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பிப் பேப்பரைத் தள்ளிப்போடாதீர்கள்.

ரிசர்வாயர் ஹில்ஸ் அப்பா:

நான்தான் மேலே எழுதியவரின் கணவர். என் பக்கத்தையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பெயர் உள்ள பள்ளி என்று நான் சொல்வது ஊரில் பெருமை பேச இல்லை. நாங்கள் இந்த நாட்டில் தனியாக இருக்கிறோம், சொந்தம் பந்தம் கிடையாது. டி.எச்.எஸ். (டர்பன் ஹைஸ்கூல்) 1866-இலிருந்து நடக்கிறது, கிளென்வுட் 1910-இலிருந்து. அப்படிப்பட்ட பள்ளியில் படித்த பையனுக்குப் பழைய மாணவர்கள் என்று ஒரு கூட்டமே இருக்கும். நாளைக்கு வேலை, தொழில் என்று வரும்போது கை கொடுக்க ஆள் வேண்டும். அதோடு, என் மகன் கூச்சப்படுகிறவன். கொஞ்சம் விளையாட்டு, கொஞ்சம் கூட்டம் என்று இருந்தால் தேறுவான் என்று நினைக்கிறேன். இதில் தப்பு இருக்கிறதா?

மேர்பேங்க் மைந்தன்:

அண்ணா, தப்பே இல்லை. நான் ஒரு பெரிய பாய்ஸ் ஸ்கூலில் படித்தவன், இப்போது வேலைக்குப் போகிறேன், அதனால் அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் பழைய மாணவர் பலம் உண்மை. எனக்கு முதல் இன்டர்ன்ஷிப் கிடைத்ததே அப்படித்தான். ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் பையன் நுழைவது பெரும்பாலும் மைதானம் வழியாக. சனிக்கிழமை காலை ஃபர்ஸ்ட் டீம் ரக்பிக்கு முழுப் பள்ளியும் பிளேசர் போட்டுக்கொண்டு ஸ்டாண்டில் நின்று பள்ளிப் பாட்டு பாட வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. என் கூடப் படித்த ஒரு செஸ் பையனுக்கு அஞ்சு வருஷமும் அது தண்டனையாகத்தான் இருந்தது. அதே பள்ளியில் வேறொரு செஸ் பையன் நன்றாக இருந்தான், ஏனென்றால் செஸ் டீமைப் பார்த்துக்கொண்ட ஆசிரியர் அந்தப் பிள்ளைகளுக்கு மதியம் உட்கார ஓர் அறை கொடுத்திருந்தார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, கதவில் சாவி கூட அந்தப் பையன்களிடம்தான் இருக்கும்.

ஆகவே பள்ளியில் கேளுங்கள்: டேபிள் டென்னிஸ், செஸ் இரண்டுக்கும் பொறுப்பான ஆசிரியர் யார், வாரத்தில் எந்த நாள், கிரேடு 8 பையன் சேரலாமா? டக்கென்று பதில் வந்தால் உண்மையிலேயே நடக்கிறது என்று அர்த்தம். குளிர்கால டெர்மில் ரக்பி அல்லது ஹாக்கி கட்டாயமா என்பதையும் கேட்டுவிடுங்கள். கிரேடு 8 பையன்களைச் சீனியர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்பதைத் தலைமையாசிரியரிடம் கேட்காமல், வெளியே நிற்கும் கிரேடு 8 பையன்களிடம் கேளுங்கள். ‘இனிஷியேஷன்’ என்ற பெயரில் புதுப் பையன்களைப் படுத்துவது 2002-இலேயே தேசிய விதிமுறையால் தடைசெய்யப்பட்டது. யாராவது அதைப் பாரம்பரியம் என்று சிரித்துக்கொண்டே சொன்னால், அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

இன்னொன்று, போக்குவரத்து. ஸ்கூல் வேன் இரண்டரைக்கெல்லாம் கிளம்பிவிடும். பிராக்டிஸ் நாலரை வரைக்கும். யார் கூட்டிவருவார்கள்? ரிசர்வாயர் ஹில்ஸிலிருந்து காலையில் எம்19 சாலை நெரிசல் உங்களுக்கே தெரியும்.

சாட்ஸ்வர்த் வாத்தியார்:

தம்பி சொன்னது அத்தனையும் சரி.

பெயர் என்று பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பா சாஸ்திரி காலேஜில் படித்தவர். வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி 1927-இல் இந்திய அரசின் ஏஜெண்டாக, அதாவது பிரதிநிதியாக, இங்கே வந்தார். நம் பிள்ளைகளுக்கு ஒழுங்கான உயர்நிலைப் பள்ளி இல்லாத காலம் அது. சமூகத்திடம் பணம் திரட்டி அந்தப் பள்ளியைக் கட்டவைத்தார். கரும்புத் தோட்டத்து ஆட்களின் பேரப் பிள்ளைகள் அதில் படித்து டாக்டர், வக்கீல், வாத்தியார் ஆனார்கள். அந்தப் பள்ளிக்குப் பெயர் வந்தது அங்கே பாடம் நடத்தியவர்களால். அதனால்தான் பையனின் அப்பாவிடம் நான் கேட்பது, இன்றைக்கு வகுப்பறையில் நிற்பது யார் என்று பாருங்கள் என்று. சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் பிளேசருக்குப் பெரிய பெயர் இல்லாத அரசுப் பள்ளிகளில் அருமையாகக் கணக்கும் சயன்ஸும் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கேயும் ஒருமுறை போய்ப் பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்.

ஃபீனிக்ஸ் கணக்கர்:

நான் ஒரு பள்ளியின் எஸ்.ஜி.பி.யில் (பள்ளி நிர்வாகக் குழு) பொருளாளர். ஃபீஸைப் பற்றி யாரும் எழுதவில்லை, ஆனால் இதில்தான் குடும்பங்கள் வாய் திறக்காமல் கஷ்டப்படுகின்றன.

கட்டணம் வாங்கும் அரசுப் பள்ளியில் எவ்வளவு என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் ஓட்டுப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தக் கட்டணத்தைத் தவிர விண்ணப்பக் கட்டணம், பதிவுக் கட்டணம் என்று எதுவும் வாங்க அரசுப் பள்ளிக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. கேட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் அத்தோடு பேச்சு நின்றுவிடும். கட்ட முடியவில்லை என்ற காரணத்துக்காகச் சேர்க்கையை மறுக்கவும் முடியாது.

சலுகைக்குக் கணக்கு இருக்கிறது. ஆண்டுக் கட்டணத்தைப் பெற்றோர் இருவரின் மொத்த ஆண்டு வருமானத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு விலக்கு. 2-க்கும் 10-க்கும் நடுவில் வந்தால், எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதைப் பார்த்து ஒரு பகுதி விலக்கு. உதாரணத்துக்கு, கட்டணம் 30,000 ரேண்டு, வருமானம் 2,40,000 என்றால் 12.5 வருகிறது, முழு விலக்கு. வருமானம் 5 லட்சம் என்றால் 6, பகுதி விலக்குக்கு எழுதலாம். மறுத்தால் 30 நாளுக்குள் மாகாணக் கல்வித்துறைத் தலைவருக்கு அப்பீல். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை, நாங்கள் கமிட்டியில் பெயரை வெளியே சொல்வதில்லை.

தனியார் பள்ளிக்கு இந்தக் கணக்கு செல்லாது. ஹில்டன், மைக்கேல்ஹவுஸ் மாதிரி போர்டிங் பள்ளி என்றால் வருஷத்துக்கு 3 லட்சம் ரேண்டைத் தாண்டும். அவர்கள் ஸ்காலர்ஷிப் பரீட்சை வைப்பார்கள், உங்கள் பையன் கணக்கில் கெட்டி என்றால் எழுதவைத்துப் பார்க்கலாம். தனியார் பள்ளிகள் பல ஐ.இ.பி. என்ற தனி வாரியத்தின் தேர்வை எழுதவைக்கும், அரசுப் பள்ளிகள் அரசின் தேர்வு. இரண்டுக்கும் கிடைப்பது உமலுசி என்ற தேசியத் தர அமைப்பு தரும் ஒரே மேட்ரிக் சான்றிதழ்தான், பல்கலைக்கழகம் இரண்டையும் ஏற்கும்.

டோங்காட் பெரியம்மா:

பையன் கோயிலுக்குப் போகிறவனா? தைப்பூசக் காவடிக்கு விரதம், மொட்டை, கையில் மஞ்சள் கயிறு எல்லாம் உண்டென்றால் பள்ளியின் கோட் ஆஃப் காண்டக்டை (ஒழுங்கு விதிகள்) முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள். டர்பன் பள்ளி ஒன்றில் நம் தமிழ்ப் பெண் மூக்குத்தி போட்டதற்குத் தடை வந்து, அது அரசியலமைப்பு நீதிமன்றம் வரைக்கும் போனது. குடும்பப் பெயரை வைத்துப் பிள்ளை (Pillay) வழக்கு என்பார்கள். 2007-இல் அந்தப் பெண் பக்கம்தான் தீர்ப்பு வந்தது: மதமும் பண்பாடும் சார்ந்த வழக்கத்துக்குப் பள்ளி நியாயமாக இடம் கொடுக்க வேண்டும். என் பேரன் காவடிக்கு முன்னால் ஒரு கடிதம் கொடுத்துவிடுவான், இன்றுவரை எந்தப் பிரச்சினையும் இல்லை. ஹாஸ்டலில் விடுவதாக இருந்தால் சைவச் சாப்பாடு எப்படி என்று சமையலறையிலேயே போய்ப் பார்த்துவிடுங்கள்.

பிரிட்டோரியா வருகிறோம்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் அடுத்த வருஷம் கோவையிலிருந்து வருகிறோம், மகன் நேராகக் கிரேடு 9. பள்ளியில் இரண்டாவது மொழியாக எடுக்க ஆஃப்ரிகான்ஸும் தெரியாது, ஸூலுவும் தெரியாது. எப்படிச் சமாளிப்பது?

சாட்ஸ்வர்த் வாத்தியார்:

கிரேடு 7-இலோ அதற்கு மேலோ முதல்முறையாக இந்த நாட்டுப் பள்ளியில் சேரும் பிள்ளைக்கு இமிக்ரன்ட் கேண்டிடேட் என்ற சலுகை உண்டு. கிரேடு 10-இலிருந்து ஓர் அதிகாரபூர்வ மொழி போதும், இரண்டாவது மொழிக்குப் பதில் வேறு பாடம் எடுத்துக்கொள்ளலாம். வந்த தேதிக்கும் பழைய பள்ளிக்கும் ஆதாரம் கேட்பார்கள், டி.சி.யைப் பத்திரமாகக் கொண்டுவாருங்கள். சேர்க்கையின்போதே சொல்லிவிடுங்கள், கிரேடு 10-இல் போய்க் கேட்டால் அலைய வேண்டும். தமிழும் மேட்ரிக் பாடப் பட்டியலில் இருக்கிறது. சொல்லிக்கொடுக்க ஆள் உள்ள பள்ளி கிடைத்தால் விடாதீர்கள்.

ரிசர்வாயர் ஹில்ஸ் அம்மாவின் பையனுக்கு இது பொருந்தாது, அவன் கிரேடு 2-இலேயே வந்துவிட்டான். அவன் பிரைமரியில் எடுத்த மொழி, போகிற ஹைஸ்கூலிலும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஸூலு படித்தவனை ஆஃப்ரிகான்ஸ் மட்டும் உள்ள பள்ளியில் போட்டால் பாவம்.

ரிசர்வாயர் ஹில்ஸ் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. ஓப்பன் டேக்களுக்குப் போய்வந்தோம், மகனையும் கூட்டிக்கொண்டு. நோட்டு கேட்டோம் வாத்தியார் ஐயா. ஒரு பள்ளியில் சுற்றிக் காட்டிய பையன் தயங்காமல் பையைத் திறந்து கொடுத்தான். அல்ஜிப்ரா கணக்கு ஒன்றில் மைனஸ் குறியை விட்டிருந்தான். அதைச் சுற்றி வட்டம் போட்டு, ‘இந்த வரியை மறுபடி சத்தமாகப் படி’ என்று ஆசிரியர் எழுதியிருந்தார், கீழே அவன் சரியாகப் போட்டிருந்தான். என் மகன் அந்தப் பக்கத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அது நடுத்தரமான, கோ-எட் அரசுப் பள்ளி, வீட்டிலிருந்து பக்கம். ஸூலு இருக்கிறது, செவ்வாய்க்கிழமை செஸ்.

அவன் அப்பா விரும்பிய பாய்ஸ் ஸ்கூலும் நல்ல பள்ளிதான், பொறுப்பாகப் பதில் சொன்னார்கள். இரண்டுக்கும் போடுகிறோம், மூன்றாவதாக இன்னொன்றும். பையனிடம் கேட்டோம், செஸ் உள்ள பள்ளியை முதலில் போடச் சொல்கிறான். அவன் அப்பாவும் சரி என்றுவிட்டார். ஒரே ஒரு சந்தேகம்: எந்தப் பள்ளியும் எடுக்காவிட்டால்?

சாட்ஸ்வர்த் வாத்தியார்:

நல்ல வரிசை அம்மா.

பாரம் கொடுக்கும்போது ரசீதோ, தேதி சீலோ வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். இடம் இல்லை என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சை ஏற்காதீர்கள். அந்தக் கடிதத்தோடு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போகலாம், நம் ஊருக்கு பைன்டவுன், உம்லாசி என்று இரண்டு மாவட்டம். அதற்கு மேல் மாகாணக் கல்வி எம்.இ.சி.க்கு (மாகாண அமைச்சர்) அப்பீல் செய்யும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. 2024 செப்டம்பரில் கையெழுத்தான பேலா என்ற கல்விச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சேர்க்கையில் முடிவு மாகாணத் துறைத் தலைவருடையது, பள்ளிக் குழுவினுடையது இல்லை. எங்காவது ஓரிடம் கட்டாயம் கிடைக்கும். அது தூரத்துப் பள்ளியாகப் போகாமல் இருக்கத்தான் பக்கத்துப் பள்ளியைப் பட்டியலில் வைக்கச் சொன்னேன்.

இடம் கிடைத்தால் கடிதத்தில் போட்டிருக்கும் தேதிக்குள் சம்மதம் எழுதிக் கொடுங்கள், விசாக் கடிதத்தையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். மற்ற இரண்டு பள்ளிக்கும் ‘வேண்டாம்’ என்று அதே வாரம் எழுதிவிடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் உள்ள பிள்ளைக்கு அந்த இடம் டிசம்பருக்கு முன்னால் போய்ச் சேரட்டும்.